சம்பளம் தர முடியாதபோது கேம் குழு சேர்ப்பது எப்படி? வருவாய்ப் பங்குக்கான வழிகாட்டி

என் முதல் கேமுக்கு ஆள் தேடி நான் எழுதிய அறிவிப்பு நான்கே வரிகள். கதையைப் பற்றி இரண்டு வரி. ஓவியரும் அனிமேட்டரும் இசையமைப்பாளரும் தேவை என்று ஒரு வரி. இப்போது சம்பளம் இல்லை, வெளியானதும் வருவாயில் பங்கு உண்டு என்று ஒரு வரி. பதினொரு பேர் பதில் எழுதினார்கள்; ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஐந்தாவது மாதம் முடிந்தபோது ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். விலகியவர்களில் இசையமைப்பாளரும் ஒருவர். தன் இசையை எடுத்துவிடும்படி அவர் கேட்டபோதுதான், அந்த ஏழு இசைத்துண்டுகளையும் பயன்படுத்த எனக்கு உரிமை தரும் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை என்பது உறைத்தது. அவர் கேட்டதில் தவறே இல்லை. இசையை எடுத்துவிட்டு, அதன் தாளத்தை ஒட்டி அமைத்திருந்த நிலைகளை (லெவல்களை) மாற்றி எழுத மூன்று வாரம் ஆனது. அந்த கேம் கடைசிவரை வெளியாகவில்லை.

இரண்டாவது முறை மூன்று பேர் சேர்ந்து பதினான்கு மாதத்தில் ஒரு சிறிய கேமை முடித்தோம். இடையில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கையில் பணம் இல்லை, ஆனால் அடுத்தவர் உழைப்பை வீணாக்க மனமில்லை என்ற நிலையில் நீங்கள் இருந்தால் இது உங்களுக்குத்தான்.

1. விளையாடிப் பார்க்க ஒன்று இருக்கும்வரை ஆள் தேடாதீர்கள்

யோசனைக்கு மட்டும் ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் நிற்க மாட்டார்கள். வருவாய்ப் பங்குக்கு வேலை செய்ய வருகிறவர் தன் மாலை நேரங்களை உங்களிடம் கடனாகத் தருகிறார். கடன் கேட்பவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் விளையாடக்கூடிய ஒரு பகுதி போதும். பாத்திரங்கள் வெறும் சதுரங்களாக இருக்கலாம். ஒலி இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் நிரலாளர் என்றால் இதை நீங்களே செய்துவிட முடியும். ஓவியர் என்றால் மூன்று திரைகளை முழுமையாக வரைந்து, அவற்றை நகர்த்திக் காட்டும் ஒரு நிமிட வீடியோவைத் தயார் செய்யுங்கள். எழுத்து மட்டுமே தெரியும் என்றால், உரைவழிக் கதை கேம்களுக்கான இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதில் ஒரு அத்தியாயத்தை முடித்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

இதோடு ஒரு பக்க வடிவமைப்புக் குறிப்பு வேண்டும். கேம் எத்தனை மணி நேரம் ஓடும், எத்தனை நிலைகள், எத்தனை பாத்திரங்கள், எந்தெந்தத் தளங்களில் வெளியாகும் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் எண்களில் பதில் இருக்க வேண்டும். நாற்பது பக்க ஆவணம் எழுதி நான் நான்கு வாரத்தை வீணடித்தேன், ஒருவரும் படிக்கவில்லை.

பொறி: முதல் குழுவோடு ஆன்லைனில் பலர் கூடி விளையாடும் கேமையோ, விளையாடுபவர் விருப்பப்படி எங்கும் சுற்றக்கூடிய திறந்த உலக கேமையோ தொடங்காதீர்கள். ஆறு முதல் பத்து மாதத்தில் முடியும் என்று தோன்றும் அளவுக்குச் சுருக்குங்கள். அதற்கே பெரும்பாலும் ஒன்றரை மடங்கு காலம் ஆகும்.

2. கணக்கை வெளிப்படையாகப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "வருவாயில் பங்கு" என்ற சொல் கேட்பவர் மனதில் ஒரு தொகையை உருவாக்கிவிடுகிறது. அந்தத் தொகையை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

கேமின் விலை 10 டாலர், ஆயிரம் பிரதிகள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 10,000 டாலர். ஆனால் பிரதிகளில் கணிசமான பங்கு தள்ளுபடிக் காலத்தில்தான் விற்கும். பல நாடுகளில் விற்பனை வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். சிலர் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இவற்றுக்காக 30 சதவீதத்தைக் கழியுங்கள். இது என் அனுமானம்தான், உங்கள் கேமுக்கு மாறலாம். மீதி 7,000. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தன் பங்காக 30 சதவீதம் எடுக்கும், அது 2,100. மீதி 4,900. குழு ஒப்புக்கொண்ட செலவுகள் 400 என்றால் மீதி 4,500. நான்கு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,125 டாலர்.

இப்போது மறுபக்கம். ஒவ்வொருவரும் வாரம் 10 மணி நேரம், 18 மாதம் உழைத்திருந்தால் அது ஏறத்தாழ 780 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு ஒன்றரை டாலர்கூட வரவில்லை. அதுவும் ஆயிரம் பிரதிகள் விற்றால்தான். நூறுகூடத் தாண்டாத கேம்கள் ஏராளம்.

இந்தக் கணக்கை எல்லோருக்கும் காட்டுங்கள். காட்டினால் ஆள் வரமாட்டார்கள் என்று நானும் பயந்தேன். குறைவாகத்தான் வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் தங்கினார்கள். அவர்கள் பணத்தைத் தாண்டி ஏதோ ஒன்றுக்காக வந்தவர்கள்: முடித்த ஒரு வேலை தங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதற்காக, அல்லது அந்த வகை கேம்மீது அவர்களுக்கு இருந்த பிரியத்துக்காக.

கணக்கில் சேர வேண்டிய மற்ற எண்கள் இவை. ஸ்டீமில் ஒரு கேமைப் பதிவு செய்ய 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். கூகுள் பிளேயில் வெளியீட்டாளர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். இட்ச்.ஐஓ தளத்தில் பதிவுக் கட்டணம் இல்லை. தளத்துக்கு எத்தனை சதவீதம் தருவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், நீங்கள் மாற்றாவிட்டால் 10 சதவீதம். கேமை உருவாக்கும் மென்பொருளான என்ஜினுக்குச் செலவு பெரும்பாலும் சுழிதான். கோடோ முற்றிலும் இலவசம். யூனிட்டியின் இலவச உரிமத்துக்கு ஆண்டு வருவாய் 2 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். அன்ரியல் என்ஜினில், கேம் 10 லட்சம் டாலர் ஈட்டிய பிறகுதான் அதற்கு மேற்பட்ட தொகையில் 5 சதவீதம் கேட்பார்கள்.

3. எதற்குப் பங்கு, எதற்குக் கைக்காசு?

கேமின் தொடக்கம் முதல் முடிவுவரை கூட இருக்க வேண்டியவர்களுக்கு மட்டும் பங்கு கொடுங்கள். ஒரு வாரத்தில் முடியும் வேலைகளுக்குப் பங்கு கொடுத்தால், பத்து மணி நேரம் உழைத்த ஒருவருக்குப் பல ஆண்டுகள் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டிவரும். கடையில் தெரியும் முகப்புப் படம், டிரெய்லருக்கான இசை, மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்ப்பு போன்றவற்றைச் சேமித்த பணத்தில் ஒரே தடவை கொடுத்து வாங்கிவிடுவது நல்லது. முகப்புப் படத்துக்கு மட்டுமாவது காசு ஒதுக்குங்கள். வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பங்கைப் பிரிக்க நான் இப்போது பின்பற்றும் முறை எளிது. முதலில் 10 சதவீதத்தைப் பின்னால் சேரப்போகிறவர்களுக்காக ஒதுக்கிவிடுகிறேன். பிறகு ஒவ்வொரு பொறுப்புக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று குழுவே உட்கார்ந்து மதிப்பிடுகிறது. நிரலுக்கும் நிலை வடிவமைப்புக்கும் 900, ஓவியத்துக்கு 600, இசைக்கும் ஒலிக்கும் 100 என்று வந்தால், மீதமுள்ள 90 சதவீதம் ஏறத்தாழ 50, 34, 6 என்று பிரியும். சில குழுக்கள் எல்லோருக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்கின்றன. மூன்று பேரும் உண்மையிலேயே சமமாக உழைப்பார்கள் என்றால் அதுவும் சரிதான்.

பொறி: "யோசனை என்னுடையது, அதனால் பாதி எனக்கு" என்று தொடங்காதீர்கள். யோசனைக்கு மணி நேரம் கிடையாது. கூட்டங்களை நடத்துவது, வேலை அட்டவணை வைப்பது, கடைப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஆகியவை வேலைதான்; அவற்றுக்கு மணி நேரம் போடுங்கள்.

4. அறிவிப்பை எழுதுங்கள்

நல்ல அறிவிப்பைப் படித்தவுடன் "இது எனக்கானதா இல்லையா" என்று ஒருவர் முடிவெடுத்துவிட முடிய வேண்டும். என் இரண்டாவது அறிவிப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது:

"மேலிருந்து பார்க்கும் 2டி புதிர் கேம். மூன்று மணி நேர ஆட்டம், 24 நிலைகள், கோடோ என்ஜின். முதல் மூன்று நிலைகளை இப்போதே விளையாடலாம், சுட்டி கீழே. நிரலும் நிலை வடிவமைப்பும் நான். பிக்சல் ஓவியர் ஒருவர் தேவை. வேலையின் அளவு: 4 பாத்திரங்கள், 6 பின்னணித் தொகுப்புகள், சுமார் 40 பொருள்கள். வாரம் 6 முதல் 8 மணி நேரம், 9 மாதம். சம்பளம் கிடையாது. நிகர வருவாயில் 35 சதவீதம், எழுத்து ஒப்பந்தத்துடன். 8 டாலர் விலையில் 500 பிரதிகள் விற்றால் உங்களுக்கு ஏறத்தாழ 600 டாலர் வரும். ஒன்றுமே வராமலும் போகலாம். விண்ணப்பிக்க: உங்கள் வேலைகளின் சுட்டி, வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்த நேர மண்டலம். பத்து நாளுக்குள் எல்லோருக்கும் பதில் எழுதுவேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். நிராகரிப்பவர்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். நான் வேண்டாம் என்று எழுதிய ஓர் ஓவியர்தான் எட்டு மாதம் கழித்து என் கேமை முதலில் சோதித்துத் தந்தார்.

ஒரே சமயத்தில் ஒரே பொறுப்புக்கு மட்டும் ஆள் தேடுங்கள். ஓவியர் சேர்ந்து, இரண்டு மாதம் வேலை நடந்து, கேமுக்கு ஒரு முகம் வந்தபிறகு இசையமைப்பாளரைத் தேடினால் அதே முயற்சிக்கு இரண்டு மடங்கு நல்ல விண்ணப்பங்கள் வரும். "பிறகு சம்பளம் தருவோம்", "முதலீட்டாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" போன்ற வரிகளைக் கையில் கடிதம் இல்லாமல் எழுதவே கூடாது.

5. எங்கே தேடுவது?

என் அனுபவத்தில் கேம் ஜாமுக்கு, அதாவது சில நாட்களுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வுக்கு, இணையான இடம் இல்லை. லுடம் டேரில் குழுவாகச் சேர்ந்தால் 72 மணி நேரத்தில் ஒரு சிறு கேமை முடிக்க வேண்டும். குளோபல் கேம் ஜாம் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடக்கிறது. இட்ச்.ஐஓ தளத்தில் எந்த வாரம் பார்த்தாலும் ஏதாவது ஜாம் ஓடிக்கொண்டிருக்கும். யார் சொன்ன நேரத்தில் தருகிறார், யார் அலுப்பில் எரிந்து விழுகிறார், யார் ஞாயிறு மாலை காணாமல் போகிறார் என்பதெல்லாம் மூன்று நாளில் தெரிந்துவிடும். பேட்டியில் இது தெரியாது.

அடுத்தது, நீங்கள் பயன்படுத்தும் என்ஜினுக்கான டிஸ்கார்ட் குழுக்கள். ரெட்டிட்டில் குழு தேடுவோருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் போன அன்றே அறிவிப்பை ஒட்டாதீர்கள். இரண்டு வாரம் மற்றவர்களின் டெமோக்களை விளையாடிக் கருத்துச் சொல்லுங்கள். சில குழுக்களில் சம்பளமில்லா வேலைகளை அறிவிக்க விதி இடம் கொடுக்காது. முதலில் விதிகளைப் படித்துவிடுங்கள்.

6. வடிகட்டுங்கள், பிறகு சோதனையாக ஒன்றைச் செய்யுங்கள்

விண்ணப்பத்தில் நான் முதலில் பார்ப்பது அழகை அன்று. இவர் எதையாவது முடித்திருக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறேன். ஒரு வார இறுதியில் முடித்த சிறு கேம், பாதியில் நிற்கும் பத்துப் பிரமாண்டங்களைவிட எனக்குப் பெரிது.

பிறகு அரைமணி நேரம் பேசுங்கள். வாரத்தில் எந்த நாட்களில் வேலை செய்வீர்கள், வரும் மூன்று மாதத்தில் தேர்வு, திருமணம், இடமாற்றம் ஏதாவது இருக்கிறதா, போன கூட்டு முயற்சி ஏன் நின்றது என்று கேளுங்கள். அவர்களும் உங்களிடம் இதையே கேட்கட்டும். கேட்காதவரைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கவலையாக இருக்கும்.

இறுதியாக, இருவரும் சேர்ந்து ஒரு வாரச் சோதனை வேலை. கேமில் உண்மையிலேயே வரக்கூடிய ஒரு சிறிய துண்டு, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகாதது. முடிந்தால் அதற்குப் பணம் கொடுங்கள். முடியாவிட்டால், சேராதவரின் சோதனை வேலையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இலவச வேலை வாங்க இப்படி ஆட்களை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படியில்லை என்று தெரிவிக்க அந்த ஒரு மின்னஞ்சல் போதும்.

7. முதல் கோப்பு கைமாறும் முன் ஒப்பந்தம்

பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், படைப்பை உருவாக்கிய நொடியே பதிப்புரிமை படைத்தவருக்குச் சேர்ந்துவிடுகிறது. பதிவு தேவையில்லை. நீங்கள் கேட்டு வரைந்த படமானாலும் பொதுவாக அது வரைந்தவருடையதே. அவர் உங்கள் ஊழியர் இல்லை என்பதால் வேலைக்கான உரிமை தானாக உங்களிடம் வராது. எழுத்தில் வாங்கினால்தான் வரும். மூன்று நான்கு பக்கம் போதும். எளிய மொழியில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டும். இதில் இருக்க வேண்டியவை:

பெயர்களும் பொறுப்புகளும். சட்டப்படியான முழுப்பெயர், முகவரி, யார் எதைச் செய்கிறார், எத்தனை. அறிவிப்பில் எழுதிய எண்களையே இங்கே பின்னிணைப்பாக வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் சேர்ந்தால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும்.

நிகர வருவாய் என்றால் என்ன? எல்லாத் தகராறும் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. "கடைகளிலிருந்து வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகை, அதிலிருந்து பின்னிணைப்பில் உள்ள செலவுகள் கழித்தது" என்று எழுதுங்கள். செலவுப் பட்டியலுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். புதிய கணினியைச் செலவில் எழுதலாமா என்ற கேள்வி வரும்; கூடாது என்று எழுதிவிடுங்கள்.

பங்கு எப்போது உறுதியாகிறது? மொத்தப் பங்கையும் முதல் நாளே கொடுத்துவிட்டால், இரண்டாம் மாதம் போனவரும் கடைசிவரை இருந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். நாங்கள் கட்டம் கட்டமாகப் பிரித்தோம்: டெமோ முடிந்ததும் ஒருவரின் பங்கில் 20 சதவீதம் உறுதி, எல்லா நிலைகளும் விளையாடக்கூடிய நிலைக்கு வந்ததும் மேலும் 50, வெளியீட்டில் 20, வெளியான பின் மூன்று மாதப் பிழைதிருத்தம் முடிந்ததும் 10. விலகுபவர் அதுவரை உறுதியானதை வைத்துக்கொள்வார். மிச்சம் அந்த வேலையை முடிக்க வருபவருக்குப் போகும்.

உரிமை. இரண்டு வழிகள் உண்டு. பதிப்புரிமையை ஒரு நபர் பெயருக்கோ நிறுவனத்தின் பெயருக்கோ மாற்றித் தருவது ஒன்று. உரிமையைப் படைத்தவரே வைத்துக்கொண்டு, இந்த கேமிலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்தத் திரும்பப் பெற முடியாத உரிமம் தருவது மற்றொன்று. முதல் கேமுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். சம்பளமே வாங்காத ஒருவரிடம் முழு உரிமையையும் எழுதிக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. "திரும்பப் பெற முடியாத" என்ற சொல் மட்டும் விடுபடக் கூடாது. இப்படி ஒரு உரிமமே எழுத்தில் இல்லாததால்தான் என் ஏழு இசைத்துண்டுகள் போயின.

கைவிடப்பட்டால்? "24 மாதத்துக்குள் கேம் வெளியாகாவிட்டால் அவரவர் வேலை அவரவருக்கே திரும்பும்" என்று ஒரு வரி. இது உங்களுக்கு எதிரானதாகத் தெரியலாம். ஆனால் ஓவியர் தைரியமாகக் கையெழுத்திட வைப்பது இந்த வரிதான்.

மற்றவை சுருக்கமாக: இறுதி முடிவு யாருடையது, பெயர்ப்பட்டியலில் (கிரெடிட்ஸில்) யார் பெயர் எப்படி வரும், வெளியீட்டுக்கு முன் தங்கள் வேலையைக் காட்சிப்படுத்தலாமா, இசைத் தொகுப்பைத் தனியாக விற்றால் யாருக்கு எவ்வளவு, இரண்டாம் பாகமோ வேறு தள வெளியீடோ வந்தால் பங்கு தொடருமா, பங்கு எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாட்டுச் சட்டப்படி.

பொறிகள் நான்கு. முதலாவது, இசையமைப்பாளர் ஏதாவது இசை உரிமைச் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். சில சங்கங்களில் சேரும்போதே குறிப்பிட்ட உரிமைகள் சங்கத்துக்குப் போய்விடும். பிறகு அவரால் அவற்றை உங்களுக்குத் தர முடியாது. இரண்டாவது, எழுத்துருக்கள், ஒலித்துண்டுகள், வாங்கிய படத்தொகுப்புகள் எல்லாவற்றுக்கும் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வையுங்கள். மூன்றாவது, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது ஏதாவது இருந்தால் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும் என்று எழுதுங்கள். 2024 ஜனவரி முதல் ஸ்டீம் இதைப் பற்றிக் கேட்கிறது, பதில் தெரியாமல் படிவம் நிரப்ப முடியாது. நான்காவது, பல நாடுகளில் லாபத்தைப் பகிர்ந்துகொண்டு தொழில் செய்பவர்களைச் சட்டம் கூட்டாளிகளாகவே கருதிவிடலாம். அப்படியானால் ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. இந்த ஒன்றுக்காகவாவது உங்கள் நாட்டு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள். எங்கள் மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள செலவு அதுதான்.

8. கணக்குகள், வங்கி, வரி

ஸ்டீம் பணத்தை ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பும். குழுவினருக்குப் பிரித்துத் தராது. யாரோ ஒருவர் பெயரில், அல்லது ஒரு நிறுவனத்தின் பெயரில் கணக்கு திறக்க வேண்டும். பதிவில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். செல்லப்பெயரோ குழுப்பெயரோ எழுதினால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

அமெரிக்கர் அல்லாதவர் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அமெரிக்காவில் நடந்த விற்பனையின் மீது 30 சதவீதம் வரை அங்கேயே பிடித்தம் செய்வார்கள். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருந்து, உங்கள் நாட்டு வரி எண்ணையும் கொடுத்தால் அது குறையலாம். எண் கையில் இல்லாமல் படிவத்தைத் தொடங்காதீர்கள்.

யாருக்கும் தோன்றாத சிக்கல் ஒன்று இதில் இருக்கிறது. வந்த தொகை முழுவதும் கணக்கு வைத்திருப்பவரின் வருமானமாகத்தான் முதலில் தெரியும். மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததற்கு ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால்தான் அது அவருடைய செலவு என்று காட்ட முடியும். இல்லையென்றால் மூன்று பேர் பங்குக்கும் ஒருவரே வரி கட்டும் நிலை வரலாம். ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஒரு பக்க ரசீது வாங்கி வையுங்கள்.

நாடு கடந்து சிறு தொகை அனுப்பினால் வங்கிக் கட்டணமே பெரும்பகுதியைத் தின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு 50 டாலர் சேர்ந்தால் மட்டும் அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். விற்பனை அறிக்கையை மட்டும் தொகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம்.

நிரல் சேமிப்பகம், இணைய முகவரி, சமூக வலைத்தளக் கணக்குகள் ஆகியவற்றை குழுவின் பொது மின்னஞ்சலில் திறந்து, குறைந்தது இருவரிடம் நிர்வாக அனுமதி இருக்கும்படி செய்யுங்கள். நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்ற முடியாது. ஓவியரின் மூலக் கோப்புகளுக்கு முதல் நாளே வேறு ஏற்பாடு வேண்டும்.

9. காலக்கணக்கு

ஆள் தேடத் தொடங்கியதிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்கு இரண்டு வாரம், பேச்சுக்கு ஒரு வாரம், சோதனை வேலைக்கு ஒரு வாரம், ஒப்பந்தத்தைப் படித்துத் திருத்த இரண்டு வாரம். ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு "இன்றே கையெழுத்திடுங்கள்" என்று நெருக்காதீர்கள்.

கடைப் பக்கம் இன்னும் பொறுமை கேட்கும். ஸ்டீமில் பதிவுக் கட்டணம் கட்டிய பிறகு 30 நாள் கழியாமல் கேமை வெளியிட முடியாது. "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவெளியில் இருக்க வேண்டும். கடைப்பக்கத்தையும் கேமையும் தனித்தனியாகப் பரிசீலிக்க ஒவ்வொன்றுக்கும் சில வேலை நாட்கள் ஆகும். ஒருமுறை திருப்பி அனுப்பினால் அது இரட்டிப்பாகும். இவை குறைந்தபட்சக் கெடுக்கள் மட்டுமே. விஷ்லிஸ்ட், அதாவது பின்னர் வாங்க விரும்பிக் குறித்துவைப்பவர்கள், சேர வேண்டும் என்றால் வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே பக்கத்தைத் திறந்துவிடுங்கள். வெளிவராத கேம்களின் டெமோக்களைக் காட்டும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேம் ஒரே ஒருமுறைதான் கலந்துகொள்ளலாம். அரைகுறை டெமோவோடு அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.

பணம் எப்போது வரும் என்பதையும் குழுவுக்குச் சொல்லிவையுங்கள். ஸ்டீமில் மார்ச் மாத விற்பனைக்கான தொகை ஏப்ரல் இறுதியில் வரும், அதுவும் 100 டாலரைத் தாண்டியிருந்தால். வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் கேமே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றால் இந்த விதியை மனதில் வைத்து விலையையும் நீளத்தையும் முடிவு செய்யுங்கள்.

10. ஒருவர் விலகும்போது

விலகுவார்கள். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் குறையும். வாரம் ஒருமுறை நிலவரம் பேசும் வழக்கம் இருந்தால் இது திடீரென்று வராது. இரண்டு வாரம் தொடர்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் பொதுக்குழுவில் கேட்காமல் தனியாக எழுதுங்கள்: "நேரம் கிடைக்கவில்லையா? உங்கள் பங்கின் அளவைக் குறைத்துக்கொள்ளலாமா, இல்லை ஒரு மாதம் ஓய்வு எடுக்கிறீர்களா?" பலர் வெட்கத்தால்தான் காணாமல் போகிறார்கள். இப்படிக் கேட்டதால் எங்கள் இசையமைப்பாளர் ஆறு வாரம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

விலகுவது உறுதியானால் ஒரு வாரத்துக்குள் நான்கு காரியங்களை முடித்துவிடுங்கள். அதுவரை உறுதியான சதவீதத்தைக் குறிப்பிட்டு இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம். மூலக் கோப்புகள் எல்லாம் பொதுச் சேமிப்பகத்தில் இருக்கின்றனவா என்று அவரோடு சேர்ந்தே சரிபார்த்தல். கடவுச்சொற்களை மாற்றுதல். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் எப்படி வர வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுதல். கேம் வெளியாகும் நாளில் அவருக்கும் ஒரு இலவசப் பிரதிக்கான குறியீட்டை அனுப்புங்கள். நாங்கள் அனுப்பியபோது, இரண்டு நிலைகளுக்கு மட்டும் பின்னணி வரைந்துவிட்டுப் போன ஓவியர் அன்றிரவே முழுக் கேமையும் ஆடி முடித்து, பதினேழாவது நிலையில் கதவு திறக்காத ஒரு பிழையைப் படத்தோடு எழுதி அனுப்பினார்.